கபடி ஆடும் பையனுக்குப் பல்காப்பு: எந்தப் பொருள் தாங்கும்?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடும் என் மகனுக்கு முன்பல் நுனி உடைந்தது. வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக்) பல்காப்பு வாங்கினேன். கடித்ததுமே முன்பல் பக்கம் வாழைச்சருகுபோல் மெலிந்துவிட்டது. இரண்டே வாரத்தில் பல்காப்பின் கடைவாய்ப் பக்கம் கிழிசல். (பயல் அதை மெல்லுகிறான், அது வேறு கதை.)

பல்லை அச்செடுத்துச் செய்தால் 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம் நிற்கும் என்கிறார் பல் மருத்துவர். கனம் கூடினால் அடியின் வேகம் குறையும், சரி. ஆனால் பாடிப் போகிறவனுக்கு மூச்சு முட்டாதா?

ஈ.வி.ஏ., சிலிகோன், பாலியூரித்தேன் இவற்றை அதிர்வு தாங்குதல், கிழியாமை, எச்சில் உறிஞ்சுதல் பார்த்து ஒப்பிட்டவர்கள் சொல்லுங்கள். கும்பகோணம், தஞ்சாவூரில் அச்செடுத்துச் செய்பவர்கள் உண்டா? பொங்கல் ஆட்டத்துக்குள் வேண்டும்.