25 வண்டி சேர்வதற்குள்: அமைப்பின் பெயரில் நம்பர் பிளேட் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவின் மேரிலாந்திலிருந்து:

எங்கள் ஊர் ஓடையைச் சுத்தம் செய்யும் தன்னார்வக் குழுவில் எட்டு வருடமாக இருக்கிறேன். போன வருடம் குழுவின் பெயரும் சின்னமும் போட்ட நம்பர் பிளேட்டை எங்கள் கார்களுக்கு வாங்கினோம். இந்த மாநிலத்தில் வழி எளிது. லாப நோக்கமில்லாத அமைப்பாக இருக்க வேண்டும், குறைந்தது 25 வண்டி சேர வேண்டும், வண்டிக்கு ஒரே முறை 25 டாலர். இதற்காகச் சட்டமன்றப் படியேற வேண்டியதில்லை.

25 தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் 40 பேர். மாதக் கடைசியில் என் கையில் இருந்த விண்ணப்பங்கள் 17. ஒருவர் காரை லீஸில் எடுத்திருந்தார், கம்பெனியிடம் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டார். இன்னொரு வீட்டில் மனைவி உறுப்பினர், கார் கணவர் பெயரில். கடைசியில் நானே வீடு வீடாகப் போய், காரின் பதிவு அட்டையைப் பக்கத்தில் வைத்து விண்ணப்பத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

அப்புறம் சின்னம். கொக்கு, நாணல், நீர் வளையம் என்று அழகாக வரைந்து வைத்திருந்தோம். பிளேட்டின் இடது ஓரத்தில் உள்ள சிறிய இடத்துக்குச் சுருக்கினால் வெறும் கறையாகத் தெரிந்தது. அதே அளவில் அச்சடித்து, காரின் பின்னால் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று பார்த்தோம். கொக்கு மட்டும் தேறியது.

எதை வேண்டுமானாலும் போடலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். முடியாது. பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, அதனால் வேண்டாததை அரசு மறுக்கலாம் என்று டெக்சாஸ் வழக்கில் 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே மேரிலாந்து கான்ஃபெடரேட் கொடி (உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடி) போட்ட பிளேட்டுகளைத் திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, இதனால் குழுவுக்கு வருமானம் வராது. இங்கே பலர் வாங்கும் செசபீக் விரிகுடா பிளேட் வேறு வகை, அதன் பணம் விரிகுடாவைப் பாதுகாக்க உதவும் செசபீக் பே டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போகிறது. எங்களுக்குக் கிடைத்தது அடையாளம்தான். ஆனாலும் கடைவாசலில் இரண்டு பேர் கொக்கைப் பார்த்து விசாரித்து, அடுத்த சனிக்கிழமை ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்கள்.

வர்ஜீனியாவிலிருந்து:

25 என்று படித்ததும் பெருமூச்சு வந்தது. இங்கே 450 பேர் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவர வேண்டும். வருமானம் பகிரும் வகைக்கு ஆண்டுக்கு 25 டாலர். அதில் 15 அமைப்புக்கு வரும், அதுவும் முதல் 1,000 பிளேட் விற்ற பிறகுதான்.

நாங்கள் 212-ல் நின்றுவிட்டோம். வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்ததால் எல்லாருக்கும் இரண்டே வாரத்தில் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த இலையுதிர்காலத்தில் அந்த 212 பேரையும் மறுபடி கூப்பிடப் போகிறேன். 450-ஐத் தொட்டவர்கள் யாராவது இருந்தால், கடைசி நூறு பேரை எங்கே பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.