ஒரே நாக்ஸ் தரவு, இரண்டு கோப்புகள், 3.28 மடங்கு வித்தியாசம் – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வளிமண்டலக் கணினி மாதிரி ஒன்றுக்கு உள்ளீடு தயார் செய்கிறேன். நைட்ரஜன் ஆக்சைடுகளின் (நாக்ஸ்) ஒரே உமிழ்வுத் தரவு இரண்டு குழுக்கள் வழியாக இரண்டு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவு வடிவம்) கோப்புகளாக வந்தது. இரண்டிலும் மாறியின் பெயர் "நாக்ஸ் உமிழ்வு". அலகும் ஒன்றே, சதுர மீட்டருக்கு நொடிக்கு கிலோகிராம். ஆனால் எந்தக் கட்டத்தை எடுத்தாலும் முதல் கோப்பின் மதிப்பு 3.28 மடங்கு அதிகம். கட்டப் பரப்பு, நாள் கணக்கு எல்லாம் சரிபார்த்துவிட்டேன். மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

பதில் 1:
நைட்ரஜன் டைஆக்சைடின் மூலக்கூறு எடையான 46-ஐ நைட்ரஜனின் அணு எடையான 14-ஆல் வகுத்துப் பாருங்கள். நாக்ஸ் ஒற்றைச் சேர்மம் அல்ல. நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் சேர்ந்தது. அதனால் எந்த மூலக்கூறின் எடையில் கணக்கிட்டது என்று சொல்லாமல் கிலோகிராம் என்றால் பொருளே இல்லை. உங்கள் முதல் கோப்பு டைஆக்சைடு எடையில் இருக்கிறது, இரண்டாவது வெறும் நைட்ரஜன் எடையில். எட்கர், செட்ஸ் ஆகிய உலக உமிழ்வுத் தரவுகள் டைஆக்சைடாகத் தருகின்றன. மின்னல் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் நைட்ரஜனாக வரும். விகிதம் 1.53 என்று வந்தால் ஒன்று டைஆக்சைடு, மற்றது நைட்ரிக் ஆக்சைடு (மூலக்கூறு எடை 30).

கேட்டவர்:
அப்படியே பொருந்துகிறது, மிக்க நன்றி! அப்படியானால் முதல் கோப்பை மாதிரியில் டைஆக்சைடு உமிழ்வாகவே கொடுத்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், அது கணக்கு வழக்கம் மட்டுமே. எரிப்பில் வெளிவருவதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடுதான். முதலில் மோலாக (மூலக்கூறுகளின் எண்ணிக்கை அளவாக) மாற்றுங்கள், அப்புறம் பிரியுங்கள். கோப்பில் 46 கிலோ என்றால் அது 1 கிலோமோல். 90 சதவீதம் நைட்ரிக் ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால் அது 27 கிலோ, டைஆக்சைடு 4.6 கிலோ. கூட்டினால் 31.6 தான் வரும், 46 வராது. பயப்பட வேண்டாம், நைட்ரஜன் எதுவும் தொலையவில்லை.

பதில் 2:
பெயரையும் இப்போதே திருத்திவிடுங்கள். நெட்சிடிஎஃப் கோப்புகளை விவரிப்பதற்கான பொது விதிகளான சிஎஃப் மரபின் நிலையான பெயர்ப் பட்டியலில் "நைட்ரஜனாக வெளிப்படுத்தப்பட்ட" என்ற பகுதி பெயருக்குள்ளேயே வருகிறது. பலர் அதை அலகில் போய் "கிலோகிராம் என்" என்று சேர்க்கிறார்கள். அலகு படிக்கும் மென்பொருள் அந்த "என்" எழுத்தை நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளும்! அடிப்படையாக நைட்ரஜனையே எடுங்கள் என்பேன். நாக்ஸின் இரண்டு மூலக்கூறுகளிலும் ஒரு நைட்ரஜன் அணு நிச்சயம் இருக்கிறது. டைஆக்சைடாகச் சொல்வது வெறும் சமானக் கணக்கு.

கேட்டவர்:
இரண்டையும் நைட்ரஜனுக்கு மாற்றி, பெயரையும் மாற்றிவிட்டேன். ஆண்டு மொத்தம் இப்போது ஒத்துப்போகிறது.