அவுட்போர்டு மோட்டார்: டேக்கோமீட்டர் முள் துள்ளுகிறது, ஐடிலும் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓடும் வேகம்) நிற்கவில்லை

வணக்கம். என் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் இரண்டு தொல்லை. நியூட்ரலில் டேக்கோமீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர்) 1,400 காட்டுகிறது. காதுக்கு அவ்வளவு வேகமாகத் தெரியவில்லை. கியர் போட்டதும் முள் துள்ளுகிறது, இன்ஜின் அணைந்துவிடுகிறது.

ஆல்டர்னேட்டருக்கு 12 போல் (காந்த முனை), அதாவது ஒரு சுற்றுக்கு 6 சிக்னல் துடிப்பு; மீட்டருக்குப் பின்னால் உள்ள செலக்டரும் 6-இல் இருக்கிறது. அது சரி. மீட்டருக்கான சிக்னல் ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பாகம்) பக்கமிருந்து வருவதால் அதன் மேல்தான் என் சந்தேகம். கார்புரேட்டரைக் கழற்றி ஐடில் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டேன், பிளக்கும் புதிது. மீட்டரையே நம்ப முடியாதபோது ஐடில் ஸ்குரூவைத் திருகப் பயமாக இருக்கிறது.

ரெக்டிஃபையரை மல்டிமீட்டரில் எந்தெந்த வயருக்கு இடையே சோதிப்பது? பிளக் வயரில் மாட்டும் தனி டேக்கோமீட்டரை வைத்து, படகு தண்ணீரில் கட்டியிருக்கும்போது கியரிலேயே ஐடிலைச் சரிசெய்யலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.