விரதம் இருந்துகொண்டே சமைப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். மூன்று வருடமாகக் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறேன். பகலில் வெறும் தண்ணீர், இரவில் பாலும் பழமும். பசி பெரிய பிரச்சினை இல்லை, பதினொரு மணிக்கு மேல் தானாக அடங்கிவிடும். கஷ்டமெல்லாம் அடுப்படியில்தான். பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டுமே! வெண்பொங்கலுக்கு நெய்யில் மிளகும் முந்திரியும் பொரியும் வாசனை வந்தால் போதும், எச்சில் ஊறி, வயிறு கடமுடவென்று உருண்டு, கொஞ்ச நேரத்தில் நெஞ்செரிச்சல் வந்துவிடுகிறது. பெருங்காயத் தாளிப்பு இன்னும் மோசம்.

தங்கை நர்சிங் படித்தவள். “வாசனை பட்டதுமே மூளை வேகஸ் நரம்பு வழியாக வயிற்றுக்குச் சொல்லிவிடும் அக்கா. சாப்பாடு உள்ளே போகாமலே அமிலம் சுரக்கும், கணையம்கூடக் கொஞ்சம் இன்சுலின் விடும்” என்றாள். நாய்களை வைத்து ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் ஆராய்ந்தது இதைத்தானாம். 1904இல் அவருக்கு நோபல் கிடைத்ததும் செரிமான ஆராய்ச்சிக்குத்தான். எனக்கு அவர் மணியடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறிய கதை மட்டும்தான் தெரியும்! சரி, காரணம் புரிந்தது, எரிச்சல் போகவில்லையே.

முந்தின நாளே சமைத்து வைத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். மூக்கில் துணி கட்டியும் பார்த்தாயிற்று, வீட்டில் சிரித்ததுதான் மிச்சம்.

நோன்பு நாளில் இஃப்தாருக்குச் சமைக்கும் சகோதரிகள் இங்கே இருப்பீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உப்பு, காரம் எப்படிப் பார்க்கிறீர்கள்? வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுவது பற்றி யாராவது டாக்டரிடம் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.