மறு: வேஸ்ட்கேட் = கழிவுக்கதவு? கலிங்கு எனலாமா?

வணக்கம்.

> வேஸ்ட்கேட் – கழிவுக்கதவு, கழிவு வாயில்

டர்போ எஞ்சினில் உள்ள வேஸ்ட்கேட் என்ற உறுப்புக்குக் குழுவில் முன்வைக்கப்பட்ட இந்தத் தமிழ்ச் சொற்கள் இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பழைய டர்போ காரின் திறனை அதிகச் செலவில்லாமல் தானே கூட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதிவருகிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகும் சொல் இது. கழிவுக்கதவு என்று படிப்பவர், வேண்டாததை வெளியே தள்ளும் ஏதோ ஓர் ஓட்டை என்று எண்ணிக் கடந்துபோய்விடுவார்.

வேஸ்ட்கேட் செய்யும் வேலையைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றின் அழுத்தம் (பூஸ்ட்) குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் இந்தக் கதவு திறந்து, புகையில் ஒரு பங்கை டர்பைன் பக்கம் விடாமல் நேரே சைலன்சருக்கு அனுப்பிவிடுகிறது. ஏரியில் இதைச் செய்வது கலிங்கு. மட்டம் மீறிய நீரைப் போக்கிக் கரையைக் காக்கிறது. எனவே என் பரிந்துரை புகைக்கலிங்கு, சுருக்கமாகக் கலிங்கு.

மதகு பொருந்தாது. அதை ஆள்தான் திறப்பார், அதுவும் பாசனத்துக்காக. கலிங்குக்குக் கதவு கிடையாதே என்று கேட்டால் அது நியாயமான மறுப்புதான். ஆனாலும் உருவத்தைவிட வேலையே முக்கியம் என்பேன். இன்னொருவர் சொன்ன ‘மாற்றுவழி வால்வு’, த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) மூடும்போது காற்றைத் திருப்பிவிடும் வால்வுக்கும் பொருந்திவிடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் தவறான குழாயைக் கழற்றுவார்.

கலிங்கின்மேல் வரிசையாக நட்டிருக்கும் அணைகற்களுக்கிடையே பலகை செருகி நீர்மட்டத்தை உயர்த்துவார்கள் அல்லவா? பூஸ்ட் அளவை உயர்த்தப் பொருத்தும் மலிவான பூஸ்ட் கன்ட்ரோலர் செய்வதும் அதைத்தான். கம்ப்ரசரிலிருந்து, கலிங்கைத் தள்ளித் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயின் நடுவே சிறு வால்வு ஒன்றை வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிட்டால், கலிங்கு தாமதமாகத் திறக்கும். இதைக் கலிங்குப்பலகை என்று சொல்லிவிட்டால், அளவுக்கு மீறினால் கரை தாங்காது என்ற எச்சரிக்கையும் பெயரிலேயே வந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினில் கரை உடைவது என்றால் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது), உருகி ஓட்டை விழுந்த பிஸ்டன்.

என் காரில் அந்த மெல்லிய குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. விரலால் வளைத்ததும், குழாயை மாட்டும் நிப்பிளை ஒட்டி மயிரிழைபோல் இருந்த வெடிப்பு வாய் பிளந்தது. அது அறுந்தால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் போகாது, கலிங்கு திறக்காது, பூஸ்ட் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கையேட்டின் முதல் அத்தியாயம் திறன் கூட்டுவதைப் பற்றியதல்ல: ரப்பர் குழாய்களை மாற்றுவது, துருவேறி இறுகிய கலிங்குத் தண்டை இளக்குவது, பூஸ்ட் மீட்டர் பொருத்துவது.

அதில் ஒரு வரி: ‘பலகை வைக்கும் முன், கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொடுத்து, கலிங்கு எந்த அளவில் திறக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.’

கார் வேலை தெரிந்த, நம் குழுவில் இல்லாத யாரிடமாவது இந்த வரியை விளக்கம் எதுவும் சொல்லாமல் படித்துக்காட்டுங்கள். அவருக்கு என்ன புரிந்தது என்று எழுதினால், அதை வைத்து முடிவு செய்யலாம்.

அன்புடன்.