மாடிக்கு எந்த ஷீட் போடலாம்? அவசரம், நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்

தையல்மாடி: எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடில ஷெட் போடணும். ஒருத்தர் பெயிண்ட் பூசின தகரம், அதான் கலர் ஷீட்ங்கிறார், ஒருத்தர் யூபிவிசி பிளாஸ்டிக் ஷீட்ங்கிறார், எங்க மாமனார் ஓடுதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். வெல்டிங் பட்டறைக்காரர் காலைல அட்வான்ஸ் வாங்க வரேன்னுட்டார். எது நல்லதுன்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கரிகாலன்77: எந்த ஊரு? நீளம் அகலம் என்ன? துணி காயப்போடவா, இல்ல ஆள் உக்காரவா?

ராசு பட்டறை: கலர் ஷீட் போடு ப்ரோ. 0.47 மில்லிமீட்டர் கனம். யோசிக்கவே வேணாம்.

சைட்_30வருஷம்: ஊரும் சொல்லல, அளவும் சொல்லல, உடனே ஒருத்தர் 0.47னு மருந்து சீட்டு எழுதிட்டார். 30 வருஷமா சைட்லயே கிடக்கேன், இந்தக் கேள்விய இப்படித்தான் எல்லாரும் கேக்குறாங்க. அடிப்படை விவரத்த முதல்ல எழுதப் பழகுங்க.

தையல்மாடி: மன்னிக்கணும் சார், அவசரத்துல விட்டுட்டேன். ராசு தம்பி, நான் ப்ரோ இல்ல, அக்கா. ஊரு வேளாங்கண்ணி பக்கம். 30 அடிக்கு 20 அடி. தையல் யூனிட், எட்டு மெஷின், காலைல 9லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும் பொம்பளைங்க உக்காந்து தைப்பாங்க. முன்ன சிமெண்ட் ஷீட் இருந்துச்சு, கஜா புயல்ல போயிடுச்சு. அப்புறம் கீத்து போட்டு ஓட்டிக்கிட்டிருந்தோம், இப்ப கீத்துக்கும் ஆளில்ல.

கரிகாலன்77: கடல் எவ்ளோ தூரம்க்கா?

தையல்மாடி: அரை கிலோமீட்டர் கூட இருக்காது, மாடில நின்னா தெரியும்.

கரிகாலன்77: இதத்தாங்க்கா முதல்ல சொல்லணும், பாதி பதில் இதுலயே மாறிடும். உப்புக் காத்துக்கு சாதா ஜிஐ, அதாவது வெறும் துத்தநாகம் பூசின தகரம் நிக்காது. அலுமினியம் துத்தநாகம் கலந்த கோட்டிங், ஏஇசட் 150ன்னு கேளுங்க, அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம். அதுவும் இவ்ளோ கிட்ட கடல் இருந்தா நிறைய கம்பெனி வாரண்டியக் குறைப்பாங்க, இல்ல தரவே மாட்டாங்க, அத எழுத்துல வாங்கிக்குங்க. 0.50ன்னு பில்லு போடுவான், அது பெயிண்ட் கோட்டிங் எல்லாம் சேர்த்தா வெறும் இரும்பு மட்டுமான்னு கேளுங்க.

மாடித்தோட்டம் செல்வி: அக்கா, கடலோரத்துக்கு யூபிவிசிதான் சரி, துருவே பிடிக்காது, மழை சத்தமும் கம்மி. எங்க வீட்ல அதான்.

ராசு பட்டறை: துரு பிடிக்காது சரிக்கா, ஆனா அதுக்கு ரெண்டு ரெண்டரை அடிக்கு ஒரு பர்லின், அதான் ஷீட்டத் தாங்குற குறுக்குக் கம்பி, குடுக்கணும், வெயில்ல நீளுறதால ஓட்டையும் ஸ்க்ரூவ விடப் பெருசா போடணும். நிறைய பேரு தகரத்துக்கு அடிக்கிற மாதிரியே அடிச்சிட்டு அப்புறம் விரிசல் விட்டுடுச்சுன்னு திட்டுறாங்க.

கொல்லைப்புறம்: பழையபடி சிமெண்ட் ஷீட்டே போடுங்க. விலை கம்மி, உப்புக் காத்து ஒண்ணும் பண்ணாது. எங்க தாத்தா 40 வருஷம் அதுக்குக் கீழதான் படுத்தாரு, ஒண்ணும் ஆகல.

செவிலி மகள்: தயவுசெஞ்சு இந்த யோசனை வேணாம். பழைய சிமெண்ட் ஷீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் நார்தான் கலந்திருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. இருவது முப்பது வருஷம் கழிச்சுத்தான் நோய் தெரியும்.

கொல்லைப்புறம்: அப்ப ஏன் கடைல விக்கிறான்? தடையே இல்லியே.

செவிலி மகள்: வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இங்க தடை இல்ல, அது உண்மைதான். ஆனா 60க்கு மேல நாடு தடை பண்ணியிருக்கு. அந்தத் தொழிலாளிங்க உடம்பப் பாதுகாக்கணும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. உடையாத ஷீட் தலைக்கு மேல சும்மா இருந்தா ஆபத்து கம்மி. துளை போடும்போது, அறுக்கும்போது, புயல்ல நொறுங்கும்போது தூசி பறக்குது பாருங்க, அதான் விஷம். அக்கா, பழைய துண்டு ஏதாச்சும் மாடில கிடந்தா காஞ்சபடி வாரிடாதீங்க, தண்ணி தெளிச்சு, நல்ல மாஸ்க் போட்டு எடுங்க.

சைட்_30வருஷம்: ஷீட்டுல என்ன கலக்குதுன்னே பேசிக்கிட்டிருக்கீங்க. கஜா எப்படித் தூக்குச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? காத்து ஷீட்ட அமுக்காது, மேல உறிஞ்சும். மணிக்கு 120 கிலோமீட்டர் காத்துன்னா சதுர மீட்டருக்கு 68 கிலோ கிட்ட வரும். இந்த அம்மா ஷெட் 600 சதுரடி, மொத்தமா நாலு டன் கிட்ட மேல்நோக்கி இழுக்கும், ஷீட் எடை மொத்தமே கால் டன்தான். பக்கம் திறந்திருந்தா கீழேர்ந்தும் தள்ளும். மிச்சத்த யார் புடிக்கிறது? ஸ்க்ரூவும் ஷெட்டோட காலும்தான்.

வேதாரண்யத்துக்காரன்: சார் சொல்றது சத்தியம். கஜா மறுநாள் விடிஞ்சு பாக்குறேன், எங்க தெருவுல பர்லின் அப்படியே நிக்குது, அதுல ஸ்க்ரூவும் வாஷரும் வரிசையா நிக்குது, ஒவ்வொரு வாஷர சுத்தியும் உள்ளங்கை அளவு தகரம் ஒட்டிக்கிட்டிருக்கு, மிச்ச ஷீட் மூணு வீடு தள்ளி வயல்ல. ஸ்க்ரூ பிடுங்கல, ஷீட்தான் கிழிஞ்சுது. ஓரத்துலயும் மூலைலயும் ஸ்க்ரூவ நெருக்கமா அடிக்கச் சொல்லுங்க.

ராசு பட்டறை: ஷெட்டோட இரும்புக் காலையும் பாருங்க்கா. மாடித் தரைல பதிச்ச தட்டோட்டு மேல பிளேட்ட வெச்சு போல்ட் அடிச்சிடுவாங்க, அது தட்டோட்டையும் அதுக்கு அடில இருக்குற சுருக்கிக் காரையையும்தான் புடிக்கும். ஒடைச்சு கான்கிரீட் வரைக்கும் போயி, கீழ பீம் எங்க இருக்கோ அங்க நிறுத்தணும், அப்புறம் தண்ணி இறங்காம அந்த இடத்த பூசணும். இன்னொண்ணு, ஷீட்ட கட்டிங் வீல்ல அறுக்க விடாதீங்க, அந்தப் பொறி பெயிண்ட்ல ஒட்டி கொஞ்ச நாள்லயே புள்ளி புள்ளியா துரு வரும்.

மங்களூர் ஓடு: மாமனார் சொல்றத தள்ளிடாதீங்க. 1865ல பாசல் மிஷன்ங்கிற வெளிநாட்டு கிறிஸ்தவ மிஷன்காரங்க மங்களூர்ல ஆரம்பிச்ச ஓடு, இன்னிக்கும் அதுக்குக் கீழ இருக்குற குளுமை எந்த ஷீட்லயும் கிடையாது.

சைட்_30வருஷம்: குளுமை யாரு இல்லன்னா? ஒரு ஓடு ரெண்டரை கிலோ, சதுர மீட்டருக்கு 15 கிட்ட வேணும், ஓட்டத் தாங்குற ரீப்பர் சட்டத்தோட எடை தனி. பழைய மாடி தாங்குமான்னு பாத்தீங்களா? சரிவும் அதிகம் வேணும், அப்ப நடு உசரம் ஏறும்.

மங்களூர் ஓடு: பாரம் இருந்தா புயலுக்கும் நல்லதுதானே சார்?

வேதாரண்யத்துக்காரன்: இல்லீங்க, கஜால ஓடு ஒண்ணொண்ணா பறந்து ஜன்னல் கண்ணாடிய ஒடைச்சத நான் பாத்தேன்.

செவிலி மகள்: வெக்கையப் பத்தி யாருமே பேசல. ஒம்பது மணி நேரம் தகரத்துக்குக் கீழ உக்காரப் போறது அந்தப் பொம்பளைங்க. வெள்ளை இல்ல வெளிர் நிறம், அடில ஃபாயில் ஒட்டின ஃபோம், தாழ்ந்த பக்கமே பத்தடி உசரம், எதிரெதிரா ஜன்னல். இதுல எதையும் செலவுன்னு குறைக்காதீங்க.

கரிகாலன்77: அக்கா, அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?

கரிகாலன்77: அக்கா??

தையல்மாடி: மூணு வாரமா இந்தப் பக்கம் வர முடியல, ஆர்டர் நெருக்கடி. அட்வான்ஸ அன்னிக்குக் குடுக்கல. தட்டோட்ட ஒடைச்சு பீம் மேல கால் நிறுத்த ஒத்துக்கிட்டவர்கிட்டதான் வேலையக் குடுத்தேன். வெள்ளை ஷீட் 0.50, அடில ஃபோம், ஓரத்துல ஸ்க்ரூவ பக்கத்துல நின்னு எண்ணி அடிக்க வெச்சேன். சிமெண்ட் ஷீட் துண்டையும் நனைச்சு எடுத்தாச்சு. மாமனாரு இன்னும் ஓடுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கார். எல்லாருக்கும் நன்றிங்க.