வானியற்பியல் மேற்படிப்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் தங்கை திருப்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்ததிலிருந்து வானியற்பியல்தான் என்று உறுதியாக இருக்கிறாள். மொட்டை மாடியில் நின்று டெல்டா செஃபி என்ற, வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் விண்மீனைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் நோட்டில் குறித்து வைக்கிறாள். அதன் 5 நாள் 9 மணி நேரச் சுழற்சி அவள் போட்ட வரைபடத்தில் ஓரளவு தெரிகிறது! எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் வீட்டில் இந்தத் துறைக்குப் போனவர்கள் யாரும் இல்லை. ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜெஸ்ட் (பிஎச்.டி. நுழைவுத் தேர்வு) எழுதி பெங்களூரு ஐஐஏ, புனே ஐயூக்கா போன்ற வானியல் ஆய்வு நிறுவனங்களில் பிஎச்.டி. என்பது ஒரு வழி. எம்.எஸ்சி.யிலேயே வானியற்பியலை எடுப்பது இன்னொன்று. முதல் வழியில் குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல் எல்லாம் பலமாக அமையும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வழியில் போனவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

அவள் தமிழ் வழியில் பள்ளி முடித்தவள். ஜாம் தேர்வின் கணிதப் பகுதியை எங்கிருந்து தொடங்கலாம்? பைத்தான் நிரல்மொழியை இப்போதே கற்றுக்கொள்ள வேண்டுமா? கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது? பழைய ஜாம் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அஞ்சல் செலவை நாங்களே கொடுத்துவிடுகிறோம். இதே படிப்பில் இருக்கும் அக்கா யாராவது அவளிடம் போனில் பேசினால் பெரிய உதவியாக இருக்கும்.